கேட் டி.வி. காட்டிய பரீட்சை நேரம்

ரெண்டு வருஷத்துக்கு முன்னால், ஊட்டிப் பக்கம் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் நடந்தது. வேதியியல் லேப் அசிஸ்டென்ட் நான். வளாகத்தில் இருக்கும் மூன்று டி.வி.களில் அறிவிப்பு போடும் வேலையையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றினால் மூன்றிலும் வரும். நோட்டீஸ் போர்டில் காகிதம் ஒட்டுவதை நிறுத்தச் சொன்னதே நான்தான்.

அன்று பிராக்டிகல் பரீட்சை. மதியம் ஒன்றரைக்கு இருந்ததை, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் மழைக்கு முன்னால் மலை இறங்கவேண்டும் என்றதால், காலை பத்துக்கு மாற்றினோம். முந்தின நாளே டி.வி.யில் போட்டேன். வாட்ஸப் குரூப்பிலும் சொன்னோம். ஒருத்தி மட்டும் வரவில்லை. கிளென்மார்கன் பக்கத்து எஸ்டேட் பிள்ளை. அவள் வீட்டில் சிக்னலே கிடையாது.

எல்லாம் முடியும்போது ரெக்கார்டு நோட்டோடு வந்து நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? டி.வி.யப் பாக்கமாட்டியா?"

"அதைப் பாக்கறதுக்குன்னே நேத்து பஸ் ஏறி வந்தேனுங்க மேடம். கேட் டி.வி.யில ஒன்றரைன்னுதான் போட்டிருந்துச்சு."

"பொய் சொல்லாத. வா, காட்டறேன்."

எனக்கு முன்னால் அவள் நடந்தாள். பொய் சொல்கிறவள் இவ்வளவு வேகமாக நடப்பாளா என்று அப்போதுதான் யோசித்தேன். தூறலில் இரண்டு பேரும் டி.வி. முன்னால் நின்றோம். ரத்ததான முகாம் வந்தது. கபடிப் போட்டி வந்தது. அடுத்து, பிராக்டிகல், மதியம் ஒன்றரை.

வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே சொன்னார். "மூணு நாளா இதையேதானுங்க சுத்திச் சுத்திக் காட்டுது. படம் ஓடுதேன்னு நானும் விட்டுட்டேன்."

ஈரத்தில் அந்த டி.வி.க்கு மட்டும் நெட் கனெக்‌ஷன் போயிருக்கிறது. புதுசு வராமல் பழசையே ஓட்டியிருக்கிறது. மூன்று நாளும் நான் ஆபீஸ் வாசல் டி.வி.யை மட்டும் பார்த்துவிட்டு, குவார்ட்டர்ஸ் பக்கமிருக்கும் பின்கேட் வழியாகப் போய்விட்டேன். பஸ்ஸில் வருகிற பிள்ளைகளுக்கு முன்கேட்தான் என்பது மண்டையில் ஏறவே இல்லை.

ஓடினேன். தேர்வாளர் காரில் ஏறப்போனார். அவர் கிளம்பிவிட்டால் அந்தப் பிள்ளைக்கு அரியர்தான். டிகிரி கையில் கிடைக்க இன்னும் ஒரு வருஷம் ஆகும். துறைத்தலைவர் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னேன். "தப்பு என்னோடதுங்க சார். பிள்ளை சரியாத்தான் பாத்திருக்கா."

துறைத்தலைவர் என்னை முறைத்தார். தேர்வாளர் வானத்தைப் பார்த்தார். பிறகு பையைக் கீழே வைத்தார். "மூணு மணிக்குள்ள முடிக்கணும்."

முடித்தாள், பாஸும் ஆனாள். அன்று பஸ்ஸுக்குப் போகும்போது எனக்கு நன்றியெல்லாம் சொல்லவில்லை. "காகிதத்துலயும் ஒண்ணு ஒட்டுங்க மேடம்" என்றாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒட்டுகிறேன்.

முன்கோபம் எனக்கு இன்னும் குறையவில்லை. ஆனால் யாராவது "நான் பார்த்தேன்" என்றால், வாயைத் திறப்பதற்கு முன்னால் அவர்கள் நின்ற இடத்தில் போய் நின்று பார்த்துவிடுகிறேன்.