வாளிக்காரர் பாலம் கடந்த கதை

புன்மாவுக்குப் பிடிவாதம் அதிகம். நாய் வந்தால் நானும் வருவேன், இல்லாவிட்டால் இங்கேயே கிடந்து சாகிறேன் என்று மகளிடம் போனில் தீர்த்துச் சொல்லிவிட்டார். மகள் லம்துவான், மேகாங் ஆற்றுக்கு அக்கரையில், அடுத்த நாட்டுச் சவன்னகேட்டில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் சைசனாவைக் கட்டிக்கொண்டு போனவள். ஒரே பிள்ளை. இப்போது நிறைமாதம்.

"ஏம்ப்பா, முட்டிவலில கக்கூசுக்கே செவுத்தப் பிடிச்சுக்கிட்டுப் போற. ஒத்தைல கிடந்து என்ன பண்ணுவ? ஒரு நாய்க்காகவா இத்தனை அழும்பு?"

"உங்கம்மா பேரு வச்ச நாய்டி அது."

நாயோடவே வா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அம்மா போய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

நாயின் பெயர் காவ்ஜீ. முட்டை தடவிக் கரியில் சுட்ட ஒட்டரிசி உருண்டைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். நாயும் அதே நிறம், ஓரங்கள் கருகினாற்போல் காதும் மூக்கும் மட்டும் கறுப்பு. அதை அழைத்துப் போவதென்றால் லேசுப்பட்ட காரியமா? ஆற்றின் மேலுள்ள எல்லைப் பாலத்தில் நடந்து போக விடமாட்டார்கள். பாலத்து பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்கள். ஊசி, தோலுக்கடியில் சிப், ஆரோக்கியச் சான்று என்று புன்மா நொண்டிக்கொண்டே மூன்று நடை அலைந்தார். கடைசியில் கூண்டில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். கடையில் பிளாஸ்டிக் கூண்டின் விலையைக் கேட்டார். அந்தக் காசுக்குப் பன்றிக்குட்டியே வாங்கலாம் என்று முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவரின் கண், கொல்லையில் கோழி அடைக்கும் பழைய இரும்புக் கூண்டின் மேல் விழுந்தது. அட, இது இருக்கும்போது அது எதற்கு என்று தன்னையே மெச்சிக்கொண்டார். புத்தி கெட்ட மனுஷன்.

அந்தக் கூண்டு ஒரு காலத்தில் எதற்கு இருந்தது என்பது அவருக்கு மறந்தா போயிருக்கும்? மறக்கவில்லை. நினைத்துப் பார்க்காமலே இருந்து பழகிவிட்டார்.

பதினோரு வருஷம் அவர் வாளிக்காரர். பிக்கப் வண்டியில் ஒரு பக்கம் இந்தக் கூண்டு, மறுபக்கம் அடுக்கடுக்காகச் சிவப்பும் நீலமுமாகப் பிளாஸ்டிக் வாளிகள், கூரையில் ஒலிபெருக்கி. "வாளி வந்திருக்கு, வாளி! கோழி பிடிக்கிற நாய், முட்டை குடிக்கிற நாய், சொறி நாய், கிழட்டு நாய், எதுவானாலும் கொண்டாங்க! புது வாளி வாங்கிட்டுப் போங்க!" ஒரு நாய்க்கு ஒரு வாளி. கொழுத்த நாய் என்றால் இரண்டு. வாங்கிய நாய்களை ஆற்றங்கரையில் வியாபாரியிடம் ஒப்படைப்பார். அங்கிருந்து படகில் அக்கரை, அப்புறம் லாரியில் மலை தாண்டிக் கறிக்கு. இன்றைக்கு ஊரே வாளிக்காரனைக் காறித் துப்புகிறது. நாயைக் கொடுத்து வாளி வாங்கிய கைகளும் நம் ஊர்க் கைகள்தான், அதைப் பேச மட்டும் ஒருத்தருக்கும் வாய் வராது.

பிள்ளைகள் அழுதால் சொல்வதற்கு ஒரு பேச்சு வைத்திருந்தார். "அழாத பாப்பா. உன் நாய் ரப்பர் தோட்டத்துக்குக் காவலுக்குப் போவுது. தினம் மீன்தலை போடுவாங்க." பிள்ளைகள் நம்பிவிடும்.

ஒரு நாள் வியாபாரி ஒரு குட்டியை மட்டும் திருப்பித் தள்ளினான். "இதுல என்னய்யா இருக்கு, தோலும் எலும்பும்தான். ஊட்டி வளத்து அடுத்த வாரம் கொண்டா." கொண்டுவந்து வீட்டில் விட்டார். அடுத்த வாரம் கயிற்றை எடுத்துக்கொண்டு குனிந்தபோது மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

"அதத் தொடாத. அதுக்குப் பேரு வச்சாச்சு."

"வச்சா என்ன?"

"பேரு சொன்னா ஓடி வருதுய்யா. நீ கூப்புட்டுப் பாரு. பாத்துட்டு அப்புறமும் மனசு வந்தா கொண்டுபோ."

கூப்பிட்டார். ஓடி வந்தது. அத்தோடு வாளி வியாபாரம் முடிந்தது. ஒன்பது வருஷம் ஆகிறது. கூண்டு கோழிகளுக்குப் போனது. காவ்ஜீ அந்தக் கூண்டுப் பக்கம் ஒரு நாளும் போனதில்லை என்பதை மட்டும் அவர் கவனிக்கவே இல்லை.

சொங்க்ரான் புத்தாண்டு முடிந்த மறுவாரம் சைசனா வண்டியோடு வந்தான். வீட்டைப் புன்மாவின் மச்சினன் எடுத்துக்கொண்டான். அவன் நாய் வளர்த்த லட்சணம் ஊருக்கே தெரியும், கட்டிய கயிற்றை அவிழ்க்காமலே இரண்டைக் கொன்றவன். காவ்ஜீயின் சான்று அன்றோடு காலாவதி. இன்றைக்குப் பாலம் தாண்டாவிட்டால் அது அவனிடம்தான் போய்ச் சேர வேண்டும். கூண்டு காலியாகப் பின்னால் வர, காவ்ஜீ முன்சீட்டில் புன்மாவின் மடியில் உட்கார்ந்து முக்தாஹான் பாலம் வரைக்கும் வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தது.

கால்நடைச் சோதனை நிலையத்தில் டாக்டர் பனிதா சின்னப் பெண், ஆனால் கண்டிப்பு. சிப்பைச் சரிபார்த்தாள், தாளைப் பார்த்தாள். "எல்லாம் சரியா இருக்கு பெரியப்பா. கூண்டுல ஏத்துங்க, முத்திரை போடறேன்."

கூண்டைக் கண்டதும் காவ்ஜீ நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. புன்மா இழுத்தார். நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டு, அடிவயிற்றிலிருந்து ஊளையிட்டது. அப்படி ஒரு சத்தத்தை இந்த ஒன்பது வருஷத்தில் அதன் வாயிலிருந்து அவர் கேட்டதில்லை.

அந்த ஊளையைக் கேட்டுத்தான் வாசலில் கோழி சுட்டு விற்றுக்கொண்டிருந்த புவாலய் திரும்பிப் பார்த்தாள். முப்பத்தைந்து வயதுக்காரி. கூண்டைப் பார்த்தாள், நாய்க்குத் தண்ணீர் வைக்க அதில் தொங்கவிட்டிருந்த பழைய சிவப்பு வாளியைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். இடுக்கியும் கையுமாக வந்தாள்.

"அடப்பாவி! வாளிக்காரன்தானே நீ? டாக்டரம்மா, இந்தாளை நம்பாதீங்க. அக்கரைல கொண்டுபோய் விக்கத்தான் ஏத்துறான்!"

"வாயை அளந்து பேசும்மா," என்றான் சைசனா. "இது எங்க மாமா வளத்த நாய்."

"உங்க மாமா வளத்த லட்சணம் எனக்குத் தெரியும். எங்கப்பன்கிட்ட ஒரு நீல வாளியக் கொடுத்துட்டு என் நாயக் கழுத்துல சுருக்குப் போட்டுத் தூக்கினவன். எனக்கு அப்ப பதினாறு வயசு. வண்டி பின்னாலயே கோயில் வரைக்கும் ஓடினேன்!"

பனிதா முத்திரையைக் கீழே வைத்தாள். "இவங்க சொல்றது நிஜமா பெரியப்பா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யார் கண்டது? புன்மா நாயைப் பார்த்தார். அது அவர் காலுக்கிடையில் முகத்தை நுழைத்துக்கொண்டு நடுங்கியது.

"நிஜம்தான் தாயி. விட்டு ஒம்போது வருஷமாச்சு. இத மட்டும் விக்கல."

"நான் கையெழுத்துப் போட்டு அனுப்பி, நாளைக்கு இது கறிக்குப் போச்சுன்னா?" பனிதா மரத்தடியைக் கை காட்டினாள். "கயித்தை அவுருங்க. அந்த மூலைக்குப் போய்க் கூப்புடுங்க. பாப்போம்."

நொண்டி நொண்டி மரத்தடிக்குப் போய், "காவ்ஜீ" என்றார். நாய் ஒரே ஓட்டமாக ஓடிப்போய் அவர் மேல் விழுந்தது. புவாலய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நாய் உங்களதுதான், சந்தேகமில்ல," என்றாள் பனிதா. "ஆனா கூண்டில்லாம பாலத்துல விட என்னால முடியாது. இன்னைக்கு அரை நாள்தான், இன்னும் அரை மணில சாத்திருவோம்."

மறுபடி கூண்டருகே கொண்டுவந்தார்கள். மறுபடி அதே ஊளை. சைசனா மெதுவாகச் சொன்னான், "மாமா, கோணில போட்டு உள்ள தள்ளிரலாமா? இல்ல கழுத்துல ஒரு சுருக்கு... ஒரு நிமிஷ வேலை."

ஒரு நிமிஷம்கூட ஆகாது, புன்மாவுக்குத் தெரியும். கம்பி வளையம் எங்கே மாட்ட வேண்டும், முழங்காலை எங்கே வைத்து அழுத்த வேண்டும் என்று அவர் கைகளுக்கு இன்னும் மறக்கவில்லை. கயிறு கையில்தான் இருந்தது. அதைக் கீழே போட்டார். செருப்பைக் கழற்றினார். வண்டியின் பின்பலகையைப் பிடித்து, வலித்த முட்டியைக் கையால் தூக்கி வைத்து ஏறி, தவழ்ந்து கூண்டுக்குள் போனார்.

"மாமா! என்ன பண்றீங்க?"

"சும்மா இரு மாப்ள."

உள்ளே நிமிர்ந்து உட்கார இடமில்லை. தலையைக் குனிந்துகொண்டு, மனைவி கூப்பிடுகிற மாதிரி, "காவ்ஜீ, வாடா சாமி" என்றார். நாய் முனகிக்கொண்டே வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் சைசனா தூக்கிவிட, வயிறு தரையில் இழைய உள்ளே வந்து அவர் மடியில் சுருண்டு கண்ணை மூடிக்கொண்டது.

பனிதா முத்திரையைக் குத்தினாள். "நாய் கூண்டுல இருக்கணும்னுதான் சட்டம். கூட யாரு இருக்கக் கூடாதுன்னு எழுதல. போங்க."

புவாலய் கம்பிக்கு அருகில் வந்தாள். சத்தம் போடவில்லை. "அன்னைக்கு ரப்பர் தோட்டம்னு சொன்ன. மீன்தலை போடுவாங்கன்னு சொன்ன. நான் கல்யாணம் ஆகிற வரைக்கும் நம்பிக்கிட்டிருந்தேன்யா. ஒரு தோட்டமாவது இருந்துச்சா?"

"தோட்டமே இல்ல, தாயி."

"தெரியும். உன் வாயால கேக்கணும்னு இருந்துச்சு."

"உன் நாயோட பேரு என்ன, தாயி?"

"இப்பக் கேளு!" என்றாள். அவள் கண் நிறைந்துவிட்டது. கூண்டுக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை இழுத்துப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அடுப்புக்குப் போனாள்.

வண்டி பாலத்தில் ஏறியது. இருபுறமும் கோடைக்கு வற்றிய ஆறு. காற்றில் கதவு கடகடவென்று ஆடியது. தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க, புன்மா விரல்களைக் கம்பிக்கு வெளியே நீட்டினார். எட்டவில்லை. அந்த இடத்தில் மட்டும் நெருக்கமாக வலை வைத்துப் பற்றவைத்திருந்தது. எந்த நாயின் காலும் தாழ்ப்பாளை எட்டக் கூடாது என்று அந்த நாளில் அவரே செய்த வேலை. விரலை மடக்கிக்கொண்டு, நடுங்கும் நாயின் முதுகில் கையை வைத்தார். அக்கரை வருகிற வரைக்கும் எடுக்கவில்லை.