கட்டையை விட்ட கை

சர்ச்சிலிருந்த குழாய் ஆர்கனின் பின்கதவைத் திறந்ததும் ஈயத்தூசியும் எலிப்புழுக்கையும் கலந்த ஒரு நெடி மூக்கில் ஏறும். இன்றைக்கும் எங்காவது அந்த நெடி வந்தால் எனக்கு இருப்புக்கொள்ளாது, எழுந்து வாசற்பக்கம் போய்விடுவேன்.

சின்ன வயதிலேயே அப்படித்தான். "காலுல சக்கரம் கட்டிக்கினு பொறந்துச்சு" என்பாள் அம்மா. அப்படிப்பட்ட என்னைப் போய், ஒரு பெரிய லீவில், எங்கள் தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் சர்ச்சில் ஆர்கன் முன்னால் உட்காரவைத்தார்கள். சுரங்கத்தின் அடியில் பாறை வெடித்து ஊரே குலுங்குவதை நாங்கள் "ஏர் பிளாஸ்ட்" என்போம். அப்படியொரு குலுக்கலில் குழாய்கள் சுருதி கெட்டு, ஆர்கன் பல மாதம் ஊமையாகக் கிடந்தது. அதைச் சரிசெய்ய மெட்ராஸ் கம்பெனியிலிருந்து எட்வின் அங்கிள் வந்தார். அவர் சுருதி சேர்க்கக் குழாய்களுக்கு நடுவே புகுந்துகொள்ள, வெளியே ஒருவர் ஒவ்வொரு கட்டையாக அழுத்திப் பிடிக்கவேண்டும். "பாப்பா, நான் சொல்றவரைக்கும் கையை எடுக்காத" என்று உள்ளேயிருந்து குரல் வரும். எவ்வளவு நேரம்தான் பிடிப்பது!

மூன்றாம் நாள் காலை, பதினொரு மணி இருக்கும், வெளியே ஐஸ் வண்டியின் மணி கேட்டது. பிரசங்க மேடையிலிருந்த பெரிய பைபிளைத் தூக்கிக் கட்டைமேல் வைத்துவிட்டு ஓடினேன். ஒரு கட்டைக்குப் பதிலாக ஆறேழு அமுங்கி, ஆர்கன் ஓலமிட ஆரம்பித்தது.

எங்கள் ஊரில் ஷிப்ட் மாறும்போது சங்கு ஊதும். நேரங்கெட்ட நேரத்தில் ஊதினால், கீழே விபத்து என்று அர்த்தம். "ஐயோ, சங்கு!" என்று தொழிலாளர் லைன் வீடுகளிலிருந்து பெண்கள், சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட்டை நோக்கி ஓடினார்கள். அவர்களுக்கு நடுவே, கையெல்லாம் மாவோடு, என் அம்மா. அப்பா அன்று பகல் ஷிப்ட். ஆரஞ்சு ஐஸோடு நின்ற என்னைப் பார்த்தாள், நிற்காமல் ஓடினாள். எட்வின் அங்கிள் ஊர்ந்து வெளியே வந்து பைபிளை எடுத்தபோது தெருவே காலியாகிவிட்டது. "ஒண்ணும் ஆகல" என்று யார் சொல்லியும் அம்மா நம்பவில்லை. ஆட்களை ஏற்றியிறக்கும் கேஜில் அப்பா மேலே வரும்வரை ஷாஃப்ட் வாசலைவிட்டு நகரவில்லை.

மறுநாள் சர்ச் கமிட்டிக்காரர்கள் எட்வின் அங்கிளைச் சூழ்ந்துகொண்டு, "இன்னா வேலை பாத்து வச்சீங்க?" என்று கத்தினார்கள். அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "என் தப்புதான், மன்னிச்சுக்குங்க" என்றார். பாதி வேலையோடு அனுப்பிவிட்டார்கள். கம்பெனியும் கோபித்துக்கொண்டு அப்புறம் ஆளே அனுப்பவில்லை. ஆர்கன்மேல் தார்ப்பாய் விழுந்தது.

இப்போது சுரங்கமும் இல்லை, சங்கும் இல்லை. நான் தினமும் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறேன். போன ஞாயிறு, ஆர்கன் குழாய்களைப் பழைய ஈயத்துக்குப் போடப்போவதாகச் சர்ச்சில் அறிவித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் என்னால் அடக்கமுடியவில்லை.

"அம்மா, அன்னிக்கு அந்த மெட்ராஸ்காரர் தப்பு பண்ணல. கட்டையை விட்டது நான்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா தலை நிமிரவில்லை. "தெரியும்டி. கட்டையப் புடிச்சுக்கினு இருக்கவேண்டியவ கையில ஐஸு. ஓடும்போதே பாத்தேனே."

"அப்ப ஏன் சொல்லல?"

"ஊரே கொதிச்சுப்போய் நின்னுச்சு, உன்னச் சும்மா வுடுவாங்களா? அவரு எப்படியும் ஊருக்குப் போறவரு." கீரைக்காம்பை ஒதுக்கிப் போட்டுவிட்டு, "அவரு உயிரோட கீறாரான்னு கேட்டுப் பாரேன்" என்றாள்.

யாரிடம் கேட்பது? அந்தக் கம்பெனியே இப்போது இல்லை. நான் எழுந்து வாசலுக்குப் போனேன். "எங்கடி போற? உக்காரு கொஞ்ச நேரம்" என்றாள். என்னால் முடியவில்லை.