கிழிக்காமல் விட்ட கருமாதிப் பத்திரிகை

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள், ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். நாலு பேர் முன்னால் வாய் திறந்து பேசவும் எனக்கு வராது. எழுதும்போதுதான் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள்.

என் அக்கா உயிரோடு இருக்கும்போதே அவளுக்குக் கருமாதி செய்தவர் எங்கள் அப்பா. வேறு சாதிக்காரரைக் கட்டிக்கொண்டு கடலூருக்குப் போய்விட்டாள் என்பதுதான் அவள் செய்த குற்றம். மற்ற வீடுகளில் இப்படிப்பட்ட மகளைத் தலைமுழுகிவிட்டுச் சும்மா இருப்பார்கள். அப்பாவுக்கு அது போதவில்லை. வைக்கோலில் பொம்மை கட்டி எரித்தார். எனக்கு மொட்டை அடித்தார். ‘எங்கள் மகள் காலமானபடியால்’ என்று அக்காவின் பெயரோடு பத்திரிகை அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்தார்.

கருமாதிப் பத்திரிகையை எங்கள் பக்கம் வீட்டுக்குள் வைத்துக்கொள்வதில்லை. கிழித்தால் சாவுத் தீட்டும் அதோடு போச்சு என்று, வாசலிலேயே படித்து, கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். இதையும் எல்லோரும் கிழித்தார்கள், ஒருவரைத் தவிர. சிதம்பரத்தில் அப்பா தோட்டவேலை செய்த வீட்டுப் பேராசிரியர் அவர். பஸ் டிக்கெட்டைக்கூடத் தூக்கிப் போடாத மனிதர். அவர் இறந்ததும் பிள்ளைகள் அவருடைய கடிதம், கையெழுத்துப் பிரதி, துண்டுக் காகிதம் எல்லாவற்றையும் வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். போன வருஷம் காப்பகத்துக்காரர்கள் அவற்றில் சிலதைப் பொறுக்கி எடுத்து, சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி வைத்தார்கள்.

அக்கா மகளுக்கு அப்போதுதான் நிச்சயம் முடிந்திருந்தது. மாப்பிள்ளை வீடு ஸ்ரீமுஷ்ணம். அவர்கள் உறவில் யாரோ கண்காட்சிக்குப் போய், அந்தப் பத்திரிகையைப் போனில் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். அக்கா பெயர், அப்பா பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் அதில் இருந்தன. மறுநாளே மாப்பிள்ளையின் அம்மா அக்கா வீட்டுக்கு வந்தார். சிப்காட்டில் ஷிப்டு முடித்து நானும் அங்கே போயிருந்தேன்.

“பொண்ணு மேல ஒரு குத்தமும் சொல்ல மாட்டேங்க. ஆனா கருமாதி ஆன கையால தாரை வாத்தா எம் புள்ளைக்கு ஆவுமா?” என்றார் அந்த அம்மா.

“நான் உங்க எதிர்லதானே உக்காந்துனு இருக்கேன் சம்பந்தி? இந்தக் காப்பி போட்டதே நாந்தானே?” என்றாள் அக்கா.

“அதான் இன்னும் குடிக்காம வெச்சினு இருக்கேன்.”

அவரே வழியும் சொன்னார். “அந்தக் காயிதத்தக் கிழிச்சிப் போட்டுட்டு வாங்க, நீங்களே மணையில உக்காருங்க. இல்லன்னா தாய்மாமன் இதோ இருக்காரு. அவரும் சம்சாரமும் தாரை வாக்கட்டும்.”

அவர் போனதும் மாமா, அக்கா வீட்டுக்காரர், என்னைப் பார்த்துச் சிரித்தார். “மச்சான், உங்கப்பன் செத்தும் வுட மாட்டான் போலக்குதே.”

மூன்று பேருமாகச் சிதம்பரம் போனோம். மண்டபத்தில் வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள். பேராசிரியரின் மூக்குக்கண்ணாடி, பேனா, அடித்துத் திருத்திய காகிதங்கள். ஒரு பெட்டியில் அக்காவின் சாவு இருந்தது. பக்கத்திலேயே ‘அரிய சமூக ஆவணம்’ என்று அட்டை. அக்கா அதை முதல்தடவை பார்க்கிறாள். விரலால் கண்ணாடியைத் தொட்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“தம்பி, இது நாந்தான். இத எங்கிட்டக் குடுத்துடுங்க,” என்றாள் அங்கே இருந்த அதிகாரியிடம்.

சின்ன வயது, மரியாதையான பையன். பத்திரிகையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். முகம் பூத்துவிட்டது. “அம்மா, நீங்க உயிரோடவா இருக்கீங்க? எங்க யாருக்கும் தெரியாதே!”

நாற்காலி போட்டார். காலேஜ் பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டினார். பெட்டி பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். ஒரு பெண் தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டது. அக்கா எல்லாவற்றுக்கும் நின்றாள். கொடுத்துவிடுவார்கள் என்று நம்பினாள்.

“இப்பக் குடுங்க தம்பி. கிழிக்கணும்.”

“ஐயையோ, அப்படிச் சொல்லாதீங்கம்மா! மத்ததெல்லாம் கிழிச்சிட்டாங்க. இந்த ஒண்ணுதான் மிச்சம்.”

“அதனாலதான் கேக்குறேன்.”

“பேராசிரியர் வீட்ல எழுதிக் குடுத்துட்டாங்கம்மா. சட்டப்படி இது எங்களுதுதான்.”

“காயிதம் மட்டுமா? எம் பொண்டாட்டியும் சேத்தா?” என்றார் மாமா.

அதிகாரி சிரித்துவிட்டு, “இவர் இன்றும் வாழ்கிறார்னு வேணா அட்டையில சேக்கறோம். ஒரு ஜெராக்ஸும் தரேன்,” என்றார்.

அக்கா அந்த ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். படியில் நின்று, முறைப்படி குறுக்கே கிழித்துப் போட்டாள். வாட்ச்மேன் ஓடிவந்தார்.

“இந்தாம்மா, எடத்த நாறடிக்காத. பொறுக்கு எல்லாத்தையும்.”

அக்கா குனிந்து பொறுக்கினாள். நானும் பொறுக்கினேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து மாமா ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் அந்த அம்மாவின் குரல் நிதானமாக வந்தது. “ஜெராக்ஸக் கிழிச்சா ஜெராக்ஸுக்குத்தாங்க ஆச்சு.”

வீட்டுக்கு வந்ததும் மாமா, கல்யாணமே வேண்டாம் என்று குதித்தார். அக்கா மகளைத்தான் பார்த்தாள். அந்தப் பெண் தலை நிமிராமல், “ஒரு நாள்தானேம்மா,” என்றது.

மணையில் நானும் என் மனைவியும் உட்கார்ந்தோம். என் மனைவிக்கு உள்ளுக்குள் பெருமைதான். தாரை வார்த்தபோது அக்கா பந்தியில் சாம்பார் வாளியோடு நின்றாள். மேளச் சத்தம் ஓங்கியதும் அட்சதையோடு மண்டபத்துக்குள் வரப் பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி நடுவில் வந்து, “நான் போடறேன் குடுங்க,” என்று கையிலிருந்த அரிசியை வாங்கிக்கொண்டு போனாள். பிறகு நான் சாப்பிட உட்கார்ந்தபோது அக்காதான் பரிமாறினாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எலயப் பாத்து சாப்புடுறா. எம் மூஞ்சில என்னா இருக்குது?” என்றாள்.

ஒரு நாள் என்றார்கள். தலை தீபாவளிச் சீரும் என் மனைவி கையால்தான் போனது. நாளை மறுநாள் அக்கா மகளுக்கு வளைகாப்பு. முதல் வளையல் போடவும் அவளைத்தான் கேட்டிருக்கிறார்கள். வளையல் வாங்க இப்போதுதான் கடைக்குப் புறப்பட்டுப் போனாள். அவள் தெருவைத் தாண்டுவதற்குள் அக்காவிடமிருந்து போன்.

“பச்சக் கலரா பாத்து வாங்கச் சொல்லுடா. எம் பொண்ணுக்குச் செவப்பு புடிக்காது.”

மாசி மாதம், ஒன்பதாம் தேதி.