திரும்பி வந்த லட்டுத் தட்டு

போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது. ஒரு தட்டு லட்டால்!

என் அக்கா மகன் கதிர் காதலிக்கும் பெண் மெய் லிங். சீனப் பெண், பௌத்தக் குடும்பம். பெண் கேட்டுப் போக நாள் குறித்ததுமே அக்கா எனக்கு போன் போட்டாள்.

"நீதான்டா முன்னால நின்னு பேசணும். மதங்களப் பத்தியெல்லாம் பேப்பர்ல எழுதி எங்க உயிர வாங்கினியே!"

வாங்கினேன்தான். உலக மதங்களை அறிமுகப்படுத்தும் தடித்த புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு, இதே பக்கத்தில் வாரக்கணக்கில் அளந்தேன். மன்னித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

புறப்படும் முன் பௌத்த அத்தியாயத்தை இன்னொரு முறை புரட்டினேன். ஆசையே துன்பத்துக்குக் காரணம்... எண்வகைப் பாதை... நிர்வாணம். பெண்ணின் அப்பாவிடம் எதை முதலில் எடுத்துவிடுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் பூ, பழம், லட்டு எல்லாம் வாங்கிக்கொண்டு, ஏழு வரிசைத் தட்டுகளோடு போய் இறங்கினோம். நல்ல காரியத்துக்கு நமக்கு ஒற்றைப்படைதானே?

வாசலிலேயே என் ஞானம் ஆட்டம் கண்டது. வெளிச்சுவரில் வானத்துச் சாமிக்கு ஒரு சிவப்பு மாடம். கூடத்தில் கருணைத் தாய் குவான் யின். சமையலறையில் அடுப்புச் சாமி. புத்தகத்தில் புத்தருக்கு ஓர் அத்தியாயம், தாவோவுக்கு ஓர் அத்தியாயம், கன்பூசியஸுக்குத் தனியாக ஒன்று. இங்கே எல்லாரும் ஒரே கூரையின் கீழ்... வாடகைத் தகராறு இல்லாமல்!

விடுவேனா? நிர்வாணத்தைப் பற்றி ஆரம்பித்தேன். பெண்ணின் அப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு, "டுரியான் பழம் சாப்பிடுவீங்களா, பாஸ்?" என்று மலாய் மொழியில் கேட்டார்.

நாம் மட்டும் என்ன? அதே புத்தகத்தில் நம் மதத்துக்கு ஆத்மா, பிரம்மம், கர்மா என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. அக்காவிடம் பிரம்மத்தைப் பற்றிக் கேட்டால் விழிப்பாள். ஆனால் ராகு காலத்தில் காரை ஸ்டார்ட் செய்ய விடமாட்டாள்.

தட்டு கொடுக்கும் நேரம் வந்தது. மெய் லிங்கின் அம்மா ஏழையும் வாங்கி வைத்தார். ஒரு முறை எண்ணிப் பார்த்தார். பிறகு லட்டுத் தட்டை மட்டும் எடுத்து, சிரித்த முகத்தோடு, அக்கா கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

கொடுத்த வரிசைத் தட்டு திரும்பி வந்தால் நம்மில் என்ன அர்த்தம்? சம்பந்தம் வேண்டாம் என்று அர்த்தம். கதிர் வெளுத்துப் போனான்.

அக்கா என் முழங்கையைக் கிள்ளினாள். "என்னடா இது, தட்டத் திருப்பித் தர்றாங்க? புத்த மதத்துல இதுக்கு என்னடா அர்த்தம்?"

"எதுவும் நிலையில்லன்னு புத்தர்..."

"லட்டுமா?"

அக்கா எழுந்துவிட்டாள். "கதிரு, கிளம்புடா."

சமையலறையிலிருந்து மெய் லிங் ஓடி வந்தாள். "ஆன்டி, ஆன்டி, உட்காருங்க லா!" கதிரிடம் கற்ற தமிழ். "எங்க வழக்கம் இது. எல்லாத்தையும் வச்சிக்கிட்டா பேராசைன்னு சொல்வாங்க. கொஞ்சம் திருப்பிக் கொடுக்கணும்... உங்க வீட்டுக்கும் லக் வேணும்ல? அப்புறம், நல்லதுக்கு ஜோடி ஜோடியா இருக்கணும். ஏழுன்னா அம்மாவுக்குப் பயம். ஆறு ஓகே!"

அக்கா நின்றபடியே கணக்குப் போட்டாள்.

"அப்ப நாங்க கொடுத்தது ஏழு. நீங்க எடுத்துக்கிட்டது ஆறு. ரெண்டு வீட்டுக்கும் சரியாப் போச்சு!"

உட்கார்ந்தாள். கதிருக்கு மூச்சு வந்தது. கல்யாணமும் பிழைத்தது.

யோசித்துப் பாருங்கள். ஆத்மா உண்டு என்கிறோம் நாம். அப்படி ஒன்று கிடையாது என்கிறார் புத்தர். இதைவிடப் பெரிய தகராறு இரண்டு குடும்பங்களுக்குள் வர முடியுமா? அதைப் பற்றி அந்தக் கூடத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை! மனிதர்கள் நம்பிக்கைக்காக எழுந்து போவதில்லை... தட்டுக்காகத்தான் எழுந்து போகிறார்கள்.

திரும்பும் வழியில், ஹைவே நெரிசலில், அக்கா பேச ஆரம்பித்தாள்.

"கல்யாணத்துக்கு அவங்க தட்டு கொண்டு வர்றப்போ நாமளும் கொஞ்சம் திருப்பிக் கொடுத்துரணும்டா. எல்லாத்தையும் வச்சிக்கிட்டா பேராசையில்ல?"

"அம்மா, அது அவங்க வழக்கம்மா," என்றான் கதிர்.

"யாரோடதா இருந்தா என்னடா? முறைன்னா முறைதான்!"

மதங்கள் உலகமெல்லாம் எப்படிப் பரவின என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது — முதலில் மாமியார்களைப் பிடித்திருக்கின்றன.