உள்ளேயிருந்து பூட்டிய கார்

கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சாலையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டி வந்துவிட்டால் ஒன்று பின்னால் போயே ஆக வேண்டும். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தேயிலைச் சரிவு. அதனால் இங்கே வண்டியை நிறுத்துகிறவர்கள் சாவியைக் கையோடு கொண்டுபோவதில்லை. உள்ளேயே விட்டுவிட்டு இறங்குவோம். பின்னால் வருகிறவருக்கு வழி வேண்டுமென்றால் அவரே ஏறி, ஒதுக்கமான இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, சாவியை சீட்டில் போட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் போவார். யாரும் யாரையும் கேட்பதில்லை. நன்றி சொல்வதும் இல்லை.

சாவியை எடுத்துக்கொண்டு போகிறவரைத்தான் இங்கே திட்டுவார்கள். ஒரு கல்யாணத்துக்குப் பிரிஞ்சாங் டவுனிலிருந்து வந்தவர் ஒருவர் காரைப் பூட்டி, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, பந்தியில் உட்கார்ந்துவிட்டார். பின்னால் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லோரி வந்து மாட்டிக்கொண்டது. அவர் பாயசம் வரைக்கும் பொறுமையாகச் சாப்பிட்டார். லோரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அன்றைய மாப்பிள்ளை முகம் பாதிப் பேருக்கு மறந்துபோனது, அவர் முகம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது.

நாங்கள் முன்பு வைத்திருந்த ஜீப்புக்கு இந்தப் பழக்கம் சரியாகத்தான் இருந்தது. அதற்குச் சாவி என்பதே ஒரு மரியாதைக்கு. ஸ்க்ரூ டிரைவர் இருந்தாலே போதும். கதவை ஓங்கிச் சாத்தினால் எதிர்ப்பக்கக் கதவு திறந்துகொள்ளும். போன வருடம் அதை விற்றுவிட்டு, ஈப்போவில் ஒரு பழைய கார் வாங்கினோம். எங்களுக்கு அது புதுசு. ஒரு பொத்தானை அழுத்தினால் நான்கு கதவும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்ளும். கண்ணாடியெல்லாம் கறுப்பு. ரிமோட் சாவி இரண்டு கொடுத்தார்கள். பிரித்து வைத்தால் ஒன்று தொலைந்துவிடும் என்று சொல்லி, இரண்டையும் ஒரே வளையத்தில் மாட்டிவிட்டார் என் வீட்டுக்காரர். நானும் அதைப் பெரிய சாமர்த்தியம் என்றுதான் நினைத்தேன்.

எங்களுக்கு ஒரே மகள். ஐந்து வயது. அந்தக் காரின் பூட்டை எங்களில் முறையாகக் கற்றுக்கொண்டது அவள்தான். பிரிஞ்சாங் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் சோளம் வாங்க நான் இறங்கும்போது அவளும் அவள் அப்பாவும் காரிலேயே இருப்பார்கள். அவர் உட்கார்ந்த இடத்திலேயே தூங்குகிற ஆள். அதனால் பூட்டுகிற வேலையை அவளிடம் கொடுத்தேன். டிரைவர் கதவில் பூட்டுப் படம் போட்ட பொத்தானைக் காட்டி, அம்மா இறங்கியதும் இதை அழுத்த வேண்டும், தெரியாத ஆள் பக்கத்தில் நின்றால் யார் சொன்னாலும் திறக்கக் கூடாது என்று சொல்லிவைத்தேன். அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். ஒருநாள் சோளத்தோடு திரும்பி வந்தபோது, முன்னால் ஒரு வெள்ளைக்காரர் குடை விரித்துக்கொண்டு நின்றார் என்பதற்காக, தூறலில் என்னையும் வெளியே நிறுத்திவைத்துவிட்டாள். அவர் நகர்ந்த பிறகுதான் திறந்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வரும் வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அது ஒரு சனிக்கிழமை. மறுநாள் ஆராதனைக்காகத் தோட்டத்து சர்ச்சுக்குப் பூ அலங்காரம் செய்யும் முறை எங்களுடையது. திரிங்காப்பில் செவ்வந்தி வாங்கிக்கொண்டு வந்தோம். வளைவுகளில் மகளுக்குத் தலை சுற்றும், அப்படியே தூங்கிவிடுவாள். அன்றும் பின்சீட்டில் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். சர்ச்சுக்கு முன்னால் காரை நிறுத்தியதும் நான் பூக்கட்டுகளோடு இறங்கினேன், என் வீட்டுக்காரரிடம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். நான் பூக்கட்டுகளை எல்லாம் பிரித்து முடித்த பிறகுதான் அவர் சர்ச்சின் பின்பக்கத்திலிருந்து வந்தார். ஒரு கையில் தண்ணீர் வாளி, இன்னொரு கையில் ஏணி.

பிள்ளை எங்கே என்று கேட்டேன். நல்லாத் தூங்குறா, எழுப்ப மனசு வரலை என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஏணியில் ஏறப் போனவரை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

சாலையில் கார் இல்லை.

வெறும் சாலை. ஓரத்தில் இரண்டு செவ்வந்திப் பூ விழுந்து கிடந்தது. அவ்வளவுதான். கார் நின்ற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன், கொஞ்சம் பொறுத்தால் திரும்ப அங்கேயே வந்துவிடும் என்பதுபோல. பின்னாலேயே வந்தவர், யாராவது தள்ளி வச்சிருப்பாங்க என்றார். காரைத்தான் சொல்கிறார். அதைச் சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அந்த முகத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இரண்டு பேரும் கீழே ஓடினோம். வளைவு தாண்டித் தண்ணீர் டாங்கிக்குப் பக்கத்தில் லோரி திருப்புகிற அகலமான இடம் ஒன்று உண்டு. கார் அங்கே நின்றது. எதிரே ஒரு காய்கறி லோரி. அதை ஓட்டுகிறவர் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். கோலா தெர்லா ஊர்க்காரர், நான் பள்ளிக்கூட யூனிபார்மில் நடக்கிற காலத்திலிருந்தே பழக்கம். மழை நாளில் எத்தனையோ முறை லோரியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். ஆனால் எப்போதும் லோரியோடு மலையேறி இறங்குகிற மனிதர், எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததில்லை; என் மகள் அவரைப் பார்த்ததில்லை.

"காடிய நான்தான் தள்ளி வச்சேன் தங்கச்சி. சாவி உள்ளதான் இருக்கு லா," என்றார்.

உள்ளே பிள்ளை இருக்கிறாள் என்று சொன்னேன். சொன்னேனா கத்தினேனா தெரியவில்லை. அவர் கையிலிருந்த கயிறு நழுவியது. ஏறும்போது பின்சீட்டில் போர்வையைப் பார்த்தாராம், பூவை மூடிக் கொண்டுவந்த துணி என்று நினைத்துக்கொண்டாராம். ஓட்டும்போதே போனில், முட்டைக்கோஸ் ஏற்ற வராத ஒருவனை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வந்ததால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காரை விட்டுவிட்டு, மேலே நடந்து போய்த் தன் லோரியை எடுத்து வந்திருக்கிறார்.

கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துப் பார்த்தேன். மகள் டிரைவர் சீட்டில் இருந்தாள். அழுது அழுது முகம் சிவந்து, முடியெல்லாம் நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. கேமரன் குளிர் என்று ஊரெல்லாம் சொல்லும். உச்சி வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் போய் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும். கதவை இழுத்தேன். பூட்டியிருந்தது. நான்கையும் இழுத்தேன். நான்கும் பூட்டியிருந்தன. அவள் மடியில் அந்த வளையம் கிடந்தது, இரண்டு சாவியும் பத்திரமாக.

காரின் மூக்கு சரிவைப் பார்த்து நின்றது. இவள் விளையாட்டாக அந்தச் சாவியைச் செருகித் திருப்பினால், ஹேண்ட்பிரேக்கைப் பிடித்துத் தொங்கினால், கீழே தேயிலைதான், அதற்கும் கீழே ஓடை. என் வீட்டுக்காரர் ஓடிப்போய் காருக்கு முன்னால் நின்று இரண்டு கையாலும் பானட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் எடைக்கு ஒரு மோட்டார் சைக்கிளைக்கூட நிறுத்த முடியாது. வேறு நாளென்றால் சிரித்திருப்பேன்.

பொத்தானை அழுத்தும்மா என்று சைகை காட்டினேன். அவள் என்னைப் பார்த்தாள். புரிந்தது, அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. இல்லை என்று தலையை ஆட்டினாள். மறுபடி காட்டினேன். மறுபடியும் ஆட்டினாள். என் வாழ்க்கையில் அப்படி ஓர் அதிர்ச்சியை நான் பட்டதில்லை. காரைக் காணோம் என்றபோதுகூட யாரோ எடுத்துப் போய்விட்டார்கள் என்று நினைக்க முடிந்தது. இது என் பிள்ளை. உள்ளே வெந்துகொண்டிருக்கிறாள், வெளியே நான் நிற்கிறேன், திறக்கமாட்டேன் என்கிறாள். பயத்தில் புத்தி பிசகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். கெஞ்சினேன், பிறகு மிரட்டினேன், பிறகு என்ன பேசினேன் என்று எனக்கே தெரியாது.

லோரிக்கார அண்ணன் சக்கரம் கழற்றும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். பின் கண்ணாடியை உடைத்துவிடலாம், பிள்ளைக்குப் படாது என்றார். அவர் கையை ஓங்கியதும் மகள் வீறிட்டாள். வாய் மட்டும்தான் தெரிந்தது. அப்படியே சீட்டிலிருந்து சரிந்து, கால் வைக்கிற பள்ளத்துக்குள் ஒடுங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தலையை ஆட்டும்போதெல்லாம் அவள் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் ஓங்கிய கையைப் பிடித்தேன்.

"அண்ணே, நீங்க கொஞ்சம் லோரிக்கு அந்தப் பக்கம் போயிருங்கண்ணே."

அவருக்கு முதலில் விளங்கவில்லை. உடைத்தால்தானே ஆகும் என்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு காருக்குள் பார்த்தார். ஸ்பேனரைச் சத்தம் வராமல் தரையில் வைத்தார். பின்பக்கமாகவே நடந்து, லோரிக்கு அந்தப் பக்கம் மறைந்தார்.

பள்ளத்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. இந்தப் பக்கம் பார்த்தது, அந்தப் பக்கம் பார்த்தது. ஒரு சின்னக் கை கதவை நோக்கி வந்தது. டக் என்று நான்கு பூட்டும் ஒரே நேரத்தில் விட்டன.

தூக்கியபோது உடம்பு அடுப்பில் வைத்த மாதிரி கொதித்தது. டாங்கிக் குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன், தலையை நனைத்தேன், கையில் பிடித்துப் பிடித்துக் குடிக்கவைத்தேன். என் வீட்டுக்காரர் பானட்டை இன்னும் விடவில்லை. விடச் சொன்ன பிறகுதான் விட்டார். அழுகை அடங்கியதும் அவள் என் கழுத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பேசினாள். கார் கிளம்பும்போதே முழித்துக்கொண்டாளாம். அப்பா என்று நினைத்தாளாம். அப்புறம் அந்தக் குரல் கேட்டதாம்.

"அந்த அங்கிள் ரொம்பக் கத்துனாரும்மா. நான் போர்வைக்குள்ள மூச்சே விடல. அவர் இறங்குனதும் பூட்டிட்டேன். நீங்கதானே சொன்னீங்க."

தலையைத் தடவிக்கொண்டே இருந்தேன். இந்த மலையில் இத்தனை வண்டி ஓடுகிறது, இத்தனை பெரியவர்கள் ஓட்டுகிறோம். பூட்டு எதற்கு இருக்கிறதோ அதற்கு அதைப் பயன்படுத்திய ஒரே ஆள் என் இடுப்பில் உட்கார்ந்து விக்கிக்கொண்டிருந்தாள். சொல்லிக்கொடுத்த எனக்கே அது கண் முன்னால் நடக்கும்போது தெரியவில்லை.

லோரிக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். அவர் டயரில் சாய்ந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. பிள்ளைக்கு ஒன்றும் இல்லையே என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். வந்து பாருங்கள் என்று கூப்பிட்டேன். வேண்டாம் தங்கச்சி, மறுபடி பயந்திருவா என்றார். நாங்கள் காரை எடுத்துக்கொண்டு போகும் வரைக்கும் அவர் அங்கிருந்து எழவில்லை.

வளையத்திலிருந்து ஒரு சாவியை அன்றைக்கே கழற்றினோம். அது வீட்டில் ஆணியில் தொங்குகிறது. இப்போது பிள்ளை இறங்கிய பிறகுதான் பூ இறங்கும், வாளி இறங்கும். ஆனால் சாவியை இன்னமும் காருக்குள்தான் விடுகிறோம். அந்தச் சாலையில் வேறு வழியில்லை.

லோரிக்கார அண்ணனும் இன்னமும் மற்றவர்கள் வண்டியைத் தள்ளித்தான் வைக்கிறார். ஆனால் கதவில் கை வைப்பதற்கு முன்னால் கண்ணாடியில் தட்டுகிறார். தட்டிவிட்டு நிற்கிறார். காலி வண்டி என்று நன்றாகத் தெரிந்தாலும், யாரோ உள்ளேயிருந்து அனுமதி கொடுக்க வேண்டும் என்பதுபோல நின்றுவிட்டுத்தான் திறக்கிறார். சாலையில் பார்க்கிறவர்கள் முதலில் கேலி செய்தார்கள். விஷயம் தெரிந்த பிறகு அவர்களும் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்கள் காருக்கு எதிரே அந்த லோரி வந்தால் மகள் பேச்சை நிறுத்திவிடுகிறாள். கை தானாகப் பூட்டுப் பொத்தானைத் தேடிப் போகிறது. அவர் நல்லவர் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன், தலையை ஆட்டுகிறாள், அழுத்திவிட்டுத்தான் ஆட்டுகிறாள். வழியில் நாங்கள் நின்றால் அவர் தானே லோரியைப் பின்னால் எடுத்துக்கொள்கிறார். எங்கள் காரைத் தொடுவதில்லை. கடந்து போகும்போது கை காட்டுகிறார். நான் மட்டும்தான் திருப்பிக் காட்டுகிறேன்.