ஞானதீபம் அச்சடித்த வாக்குத்தத்தம்

ஆமத்தூர்ப் பக்கம் ஞானதீபத்தின் அச்சகம் எது என்று கேட்டால் பால்காரன்கூட வழி காட்டுவான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிய கையாலேயே லேபிள் அச்சடிக்கும் மிஷினை வாங்கிப் போட்டாள். எவன் காலிலும் விழவில்லை. சீசனில் பெரிய பெரிய பட்டாசுக் கம்பெனிக்காரர்களே அவள் வாசலில் வந்து நின்றார்கள்.

அப்படிப்பட்டவளைத் தலைகுனிய வைத்தவர் ஒரே ஒருவர்தான். அவள் போகும் சர்ச்சின் சபைச் செயலாளர் சத்தியநாதன் வாத்தியார்.

இரண்டாயிரத்து ஐந்தில் அவள் மகள் ஜெஸ்லின் மஞ்சள்காமாலையில் போய்ச் சேர்ந்தாள். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கும்போது ஞானதீபம் வானத்தைப் பார்த்துக் கதறினாள். "எங்களப் பெத்த ஆத்தா, எம்புள்ளய மடியில வாங்கிக்க."

சத்தியநாதன் தொண்டையைச் செருமினார். "ஏம்மா, கடவுள் பிதா. ஆத்தான்னு கூப்பிட இங்கன என்ன மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கலா நடக்கு?"

ஆண்கள் பக்கம் சிரித்தார்கள். பிள்ளை மேல் மண் விழுமுன்பே சிரித்தார்கள். அதோடும் விட்டாரா? இனிமேல் பெண்கள் சங்கத்தில் அவள் ஜெபம் நடத்தக்கூடாது என்று கமிட்டியில் தீர்மானமும் போட்டார். ஞானதீபம் அன்றோடு அழுகையை நிறுத்தினாள். அந்த வாத்தியார் வாயாலேயே, அதே சபை முன்னால், கடவுளைத் தாய் என்று சொல்ல வைக்காமல் ஓய்வதில்லை என்று முடிவுகட்டினாள்.

புத்தாண்டுக் காலை ஆராதனையில் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள். ஆளுக்கொரு வசனம். கைக்கு வந்தது கர்த்தர் கொடுத்தது, திருப்பி வைக்கக்கூடாது. செயலாளர் மட்டும் தனக்கு வந்ததைச் சபைக்கு உரக்க வாசிக்க வேண்டும். அட்டைகள் வருசா வருசம் ஞானதீபத்தின் காணிக்கை.

அந்த மார்கழியில் மிஷின் ஓட்டும் பாண்டிராஜ் மிரண்டுபோய் வந்தான். "அக்கா, அம்புட்டுலயும் ஒரே வசனம் விழுகுது. பிளேட்டு மாறிப்போச்சா?"

"மாறல. நீ ஓட்டுலே."

தாய் பிள்ளையைத் தேற்றுவதுபோல நான் உங்களைத் தேற்றுவேன் என்று கர்த்தர் சொன்ன வசனம் அது. வேதத்தில் இருப்பதுதான். எவன் குறை சொல்ல முடியும்?

புத்தாண்டு அன்று பெண்கள் பக்கம் ஒரு தட்டு, ஆண்கள் பக்கம் ஒரு தட்டு. சத்தியநாதன் எடுத்தார், பார்த்தார், இரண்டு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டதாகச் சொல்லித் திருப்பி வைத்தார். மறுபடி எடுத்தார். அதே வசனம். முகம் சுண்டிப்போயிற்று. மைக்கைப் பிடித்துத் தாய் என்று இருந்த இடத்தில் தகப்பன் என்று மாற்றி வாசித்தார்.

அந்நேரம் ஒவ்வொரு பெண் கையிலும் அதே அட்டை இருந்தது. முன்வரிசையில் இருந்த நர்சம்மா எழுந்தாள். "ஐயா, தாய்னுல்லா போட்டிருக்கு."

சபை முழுக்க அட்டையைப் புரட்டியது. ஞானதீபமும் எழுந்தாள். "வேதத்த மாத்தாம வாசிங்க, வாத்தியாரே."

வாசித்தார். அந்தச் சொல் வந்த இடத்தில் குரல் உள்ளே போய்விட்டது. பெண்கள் ஆமென் என்றார்கள். ஞானதீபம் சொல்லவில்லை; உட்காரவும் இல்லை.

"பொம்பளைக பக்கம் கேக்கல. இன்னொருக்க வாசிங்க."