எடுத்துவிட்ட நூறு ஓம்

செல்வம் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்தார். சட்டை முழுக்க வேர்வை. காரைக்குடியில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் அவர் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீசியன்.

"அக்கா, நேத்து ஆபரேஷன் நடந்துக்கிட்டு இருக்கும்போதே படம் போயிருச்சு. மொத்தமும் கருப்பு. நான்தான் வயரைக் கால்ல தட்டிவிட்டேன்னு சொல்றாக. சத்தியமாத் தொடலக்கா."

"பேஷண்டு?"

"வயித்தைக் கிழிச்சுத்தான் ரத்தத்தை நிப்பாட்டுனாக. அந்தம்மா ஐ.சி.யூ.வுல கெடக்கு."

பித்தப்பைக் கல். வயிற்றில் சின்னத் துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, திரையைப் பார்த்துச் செய்கிற ஆபரேஷன். ரத்தக்குழாயில் கிளிப் போடும் நேரத்தில் திரை இருண்டிருக்கிறது. மாற்று மானிட்டர் கிடையாது.

"வயர்ல கோளாறு இல்லைன்னு பாத்து எழுதிக் குடுங்கக்கா. இல்லாட்டி இன்னைக்கே என்னைய வேலையை விட்டு நிப்பாட்டிருவாக."

இரண்டு மாதம் முன்னால் அந்த மானிட்டரைச் சரிசெய்தது நான்தான்.

*

நான் எட்டாவது வரை படித்தேன். பிறகு சென்னைப் பக்கம் டி.வி. போர்டு செய்யும் கம்பெனியில் ஆறு வருடம். மைக்ராஸ்கோப்பில் பார்த்து, சரியாக ஒட்டாத பாகத்தைச் சரிசெய்வது வேலை. கல்யாணமாகி இங்கே வந்தேன். வீட்டுக்காரரிடம் டி.வி. ரிப்பேர் கடை இருந்தது. அவர் கவுண்டரில் ஆள் பார்ப்பார், நான் பெஞ்சில் ரிப்பேர் செய்வேன். பதினெட்டு வருடம் ஆகிறது.

மெயின் போர்டிலிருந்து பேனலுக்கு, அதாவது திரைக்கு, படம் ஜோடி ஜோடியான வயரில் போகும். ஒரே சிக்னல், ஒரு வயரில் நேராக, பக்கத்து வயரில் தலைகீழாக. பேனல் முனையில் ஒவ்வொரு ஜோடிக்கும் குறுக்கே நூறு ஓம் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். எள்ளில் பாதி அளவு. கம்பெனியில் ஆயிரக்கணக்கில் ஒட்டியிருக்கிறேன். எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வந்த சிக்னலை அது முனையிலேயே தீர்த்துவிடும். அது இல்லையென்றால் சிக்னல் முனையில் மோதித் திரும்பி, பின்னால் வரும் சிக்னலோடு கலக்கும். இதை நான் தெரிந்துகொண்டது எல்லாம் நடந்து முடிந்த பிறகு.

அந்த மானிட்டர் முதலில் வந்தபோது படம் வெட்டி வெட்டி வந்தது. படத்துக்குத் தாளம் கொடுக்கும் க்ளாக் சிக்னல் போகும் ஜோடியில் பலவீனம். மெயின் போர்டை மாற்ற வேண்டும். போர்டு வர ஐந்து வாரம் என்றார்கள். நர்சிங் ஹோம் மேனேஜர் போனில் கத்தினார்: "ரெண்டு நாள்ல வேணும். முடியுமா முடியாதா, அதைச் சொல்லுங்க."

முடியும் என்றேன்.

எங்கள் தொழிலில் ஒரு குறுக்கு வழி உண்டு. அந்த ஜோடியின் நூறு ஓமை எடுத்துவிட்டால் பலவீனமான சிக்னல் உயரும். படம் வந்துவிடும். டி.வி.யில் பத்துப் பதினைந்து தடவை செய்திருக்கிறேன். மறுபடி போனால் கஸ்டமர் திட்டிக்கொண்டு கொண்டு வருவார், அவ்வளவுதான். இதிலும் எடுத்தேன். பின்மூடியைத் திறந்துபோட்டு, ஃபேனுக்குக் கீழே ஒரு மணி நேரம் ஓட்டினேன். நன்றாக ஓடியது. பில்லில் 'சர்வீஸ் செய்தது' என்று மட்டும் எழுதினேன்.

தியேட்டரில் மூடி போட்டு, அதற்கு மேல் பிளாஸ்டிக் உறையும் மாட்டி, மணிக்கணக்கில் ஓட்டுவார்கள். உள்ளே சூடு ஏறும், சூட்டில் சிக்னல் இன்னும் தடுமாறிப் படம் மொத்தமாகப் போய்விடும். அதை நான் யோசிக்கவில்லை.

*

செல்வம் கொண்டுவந்த மானிட்டரைத் திறந்தேன். ரெசிஸ்டர் இருக்க வேண்டிய இடத்தில் ஈயம் மட்டும் பளபளத்தது. மற்ற ஜோடிகளில் மீட்டரை வைத்தால் நூறு காட்டியது. இதில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். செல்வத்தை டீ குடிக்க அனுப்பினார்.

"ஒண்ணை ஒட்டி வச்சிரு. கனெக்டர் லூசுன்னு எழுது. யாருக்குத் தெரியப்போகுது?"

"லூசுன்னு எழுதுனா செல்வம் தட்டுனதா ஆகும்."

"அது அவன் பாடு. நமக்கு ரெண்டு பொட்டப்புள்ளைக இருக்கு."

"ஐ.சி.யூ.வுல கெடக்குற பொம்பளைக்கு எத்தனையோ."

மானிட்டரையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு செல்வத்தோடு ஆட்டோவில் போனேன். வழியில் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஆபரேஷன் செய்த டாக்டரம்மா அறையில் மேசைமேல் வைத்துத் திறந்து காட்டினேன்.

"இந்த எடத்துல இருந்ததை நான்தான் எடுத்தேன். அதான் படம் போச்சு. செல்வம் மேல தப்பு இல்ல."

"எடுத்தா இப்படி ஆகும்னு தெரியுமா?"

"தெரியாது. எடுக்கக்கூடாதுன்னு தெரியும்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"படம் திரும்ப வரும்னு கொஞ்ச நேரம் காத்திருந்தேன்மா. என் கை உள்ள இருக்கு, கண்ணு இல்ல. எங்க ரத்தம் வருதுன்னே தெரியல." பிறகு வாசலைக் காட்டினார். "அந்தம்மாவோட வீட்டுக்காரர் வெளிய உக்காந்திருக்கார். அவர்கிட்டயும் நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். அந்த மனிதர் முதலில் நான் யார் என்றே புரியாமல் பார்த்தார். புரிந்ததும் எழுந்து கையை ஓங்கினார். நான் நகரவில்லை. கையைக் கீழே போட்டுவிட்டுக் கேட்டார்: "அது எம்புட்டுப் பெருசு இருக்கும்?"

பையிலிருந்த புதிய ரெசிஸ்டர் ஒன்றை விரல் நுனியில் வைத்துக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"தெரியலயே தாயி," என்றார்.

*

அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். ஆனால் தையல் ஒருமுறை பிரிந்து, மறுபடி போட்டார்கள். பக்கத்தில் கானாடுகாத்தானில் பெரிய வீடு ஒன்றை யாரோ ஓட்டலாக நடத்துகிறார்கள், அங்கே அவர் சமையல். இனி கனம் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குண்டான் தூக்காமல் அங்கே சமைக்க முடியாது. வேறு ஆள் போட்டுவிட்டார்கள்.

செல்வத்துக்கு வேலை போகவில்லை. ஒருநாள் கடைக்கு வந்து, "என்னையக் காப்பாத்துனீகக்கா," என்றார்.

"உங்களை மாட்டிவிட்டதே நான்தான் தம்பி," என்றேன்.

பெஞ்சுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். போர்டில் இருப்பதை எடுத்துப் படம் வந்தால் அது ரிப்பேர் இல்லை. ரெண்டு நாளில் முடியுமா என்று கத்துவார்கள். முடியாது என்று சொல்லுங்கள். திட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.